நம் வழக்கின் காகிதம் நம் வீட்டில் இருக்க வேண்டும்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், நீதிமன்ற நகல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)





நம் வீடுகளில் ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். ஆதார், வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். ஆனால் கோர்ட்டில் நடக்கும் வழக்கின் காகிதம் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அது வக்கீல்கிட்ட இருக்கு."

வழக்கு எண் என்ன? "அதுவும் அவருக்குத்தான் தெரியும்." எந்தக் கோர்ட்? "ஹைகோர்ட்." உள்ளே போய் விசாரித்தால் அது உயர் நீதிமன்ற வழக்காக இருக்காது. அதே வளாகத்தில் உள்ள நகர உரிமையியல் நீதிமன்றத்திலோ, குடும்ப நல நீதிமன்றத்திலோ, சிறுவழக்கு நீதிமன்றத்திலோ இருக்கும். சிவப்புக் கட்டடம் என்றாலே நம் ஜனங்களுக்கு ஹைகோர்ட்தான்.

இதனால் நஷ்டம் யாருக்கு? வக்கீல் மாறினாலோ, அவர் மவுத்தாகிவிட்டாலோ, வழக்கு போட்ட அத்தா மவுத்தாகிவிட்டாலோ, பிள்ளைகள் கையில் ஒன்றும் இருக்காது. வீட்டின் மேல் தீர்ப்பு ஆகிவிட்டது என்று, அமீனா வந்து வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அல்பகரா அத்தியாயத்தில் 282ஆவது வசனம். எழுத்துக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுத்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், நம் சொந்த வழக்கின் எழுத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் இருக்கலாமா?

ஆகவே இன்று நான் சட்டம் பேச வரவில்லை. கோர்ட் காகிதத்தை எப்படித் தேடுவது, எப்படி நகல் வாங்குவது, எத்தனை நாளுக்குள் வாங்குவது, இதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வழக்கைக் கண்டுபிடிப்பது

இப்போது தாக்கலாகும் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்கத்தில் ஒரு எண் கொடுக்கிறார்கள். எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்ற வழக்கென்றால் டி.என். என்று தொடங்கும். நம் ஆதார் எண் போல, அந்த வழக்குக்கு அது ஒன்றுதான். அதை வைத்து ஈகோர்ட்ஸ் இணையதளத்திலோ செல்போன் செயலியிலோ பார்த்தால், வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு, கடைசி வாய்தாவில் என்ன நடந்தது, என்ன உத்தரவு போட்டார்கள் என்று வந்துவிடும். இதற்குக் கட்டணம் கிடையாது. வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

எண் தெரியாவிட்டால், கட்சிக்காரர் பெயரை வைத்தும் தேடலாம். முதல் தகவல் அறிக்கை எண், வழக்கறிஞர் பெயர், தாக்கல் எண் ஆகியவற்றை வைத்தும் தேடலாம். ஆனால் பெயரை வைத்துத் தேடுவதில் நமக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. முஹம்மது என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள்! "ஓ" போட்டு எழுதுவார்கள், "யு" போட்டு எழுதுவார்கள், ஒற்றை "எம்", இரட்டை "எம்", சுருக்கி "எம்.டி." என்றும் எழுதுவார்கள். பீவி, பீ, பீபி எல்லாம் அப்படித்தான். ஷேக் என்பதிலும் செய்யது என்பதிலும் இதே குழப்பம். டைப் அடித்தவர் எப்படி அடித்தாரோ அப்படித்தான் கம்ப்யூட்டரில் இருக்கும். ஒரு விதத்தில் போட்டு வராவிட்டால் "வழக்கே இல்லை" என்று முடிவு செய்துவிடாதீர்கள். எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரில் வராவிட்டால் எதிர்க்கட்சிக்காரர் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நம் பகுதியின் எல்லை மாறிய கதை. ராயபுரம், தண்டையார்பேட்டை எப்போதும் சென்னைதான். ஆனால் திருவொற்றியூர், எண்ணூர் அப்படியல்ல. அவை 1997 வரை செங்கல்பட்டு மாவட்டம், பிறகு திருவள்ளூர் மாவட்டம். 2018இல்தான் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தன. எனவே அந்தப் பக்கத்து நிலத்தைப் பற்றிய பழைய வழக்கைத் தேடும்போது சென்னையில் மட்டும் தேடிவிட்டுத் திரும்பாதீர்கள். இணையதளத்தில் திருவள்ளூர் மாவட்டத்தையும் தேர்வு செய்து பாருங்கள். பொன்னேரி நீதிமன்றத்திலும் விசாரியுங்கள். ராயபுரத்துப் பழைய சொத்து வழக்கென்றால், உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகாரப் பிரிவிலேயே நடந்திருக்கலாம். நகர உரிமையியல் நீதிமன்றமே 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. பாட்டனார் காலத்து வழக்கைத் தேடுகிறவர்கள் இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

செல்போன் பழக்கம் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நீதிமன்ற வளாகங்களில் இ-சேவை மையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் வழக்கின் நிலையைப் பார்த்துச் சொல்வார்கள்.

இணையத்தில் கிடைப்பதும் கிடைக்காததும்

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் பொதுவாக இணையத்தில் கிடைப்பது உத்தரவும் தீர்ப்பும்தான். பிராது, எதிர்வழக்குரை, பிரமாண வாக்குமூலம், சாட்சி விசாரணை, கட்சிக்காரர்கள் தாக்கல் செய்த ஆவணங்கள் ஆகியவை அங்கே வராது. அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்களில் தாக்கலாகும் காகிதங்களையே பேசர் என்ற இணையதளத்தில் யாரும் பார்க்கலாம், பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணம். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. அந்தக் காகிதங்கள் வேண்டுமென்றால் நகல் மனுதான் வழி.

அடுத்து, இணையத்தில் எடுத்த தீர்ப்பு படித்துத் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் மேல்முறையீட்டுக்கு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு, வங்கிக்கு, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு என்று போகும்போது நீதிமன்ற முத்திரையும் அலுவலர் கையெழுத்தும் உள்ள சான்றிட்ட நகலைத்தான் கேட்பார்கள். பொது ஆவணங்களுக்குச் சான்றிட்ட நகல் பெறும் உரிமை முன்பு சாட்சியச் சட்டத்தின் 76ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் அது 75ஆவது பிரிவு.

நகல் மனு போடும் முறை

வழக்கு நடந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனு கொடுக்க வேண்டும். மனுவில் வழக்கு எண், ஆண்டு, கட்சிக்காரர்கள் பெயர், எந்தக் காகிதம் வேண்டும், அதன் தேதி என்ன என்று சரியாக எழுத வேண்டும். "எல்லாக் காகிதமும் வேண்டும்" என்று எழுதினால் மனு திரும்பி வரும். "இன்ன தேதியிட்ட தீர்ப்பு, தீர்ப்பாணை" என்று எழுதுங்கள். தீர்ப்பு என்பது நீதிபதி காரணங்களோடு எழுதுவது. தீர்ப்பாணை என்பது அதன் முடிவை மட்டும் சொல்லும் ஆணை. சொத்து வழக்கில் இரண்டும் வேண்டும். மனுவில் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்.

மனு கொடுத்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் பார்த்ததில் பாதி மனுக்கள் விழுவது இங்கேதான். மனுவைப் பார்த்து, எத்தனை பக்கம் வரும் என்று கணக்கிட்டு, இத்தனை முத்திரைத்தாள் கொண்டு வா, அல்லது இவ்வளவு கட்டணம் கட்டு என்று நகல் பிரிவில் பட்டியல் போடுவார்கள். அது அறிவிப்புப் பலகையில் வரும். வீட்டுக்குக் கடிதம் வராது. குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். ஆகவே மனு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, சில நாளுக்கு ஒருமுறை போய்ப் பலகையைப் பாருங்கள், அல்லது வக்கீல் குமாஸ்தாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நகல் கையில் வந்ததும் அதில் உள்ள குறிப்பைப் பாருங்கள். மனு கொடுத்த தேதி, முத்திரைத்தாள் கேட்ட தேதி, கொடுத்த தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி என்று வரிசையாக இருக்கும். யாரும் படிக்காத இடம் அது. ஆனால் மேல்முறையீடு நிற்குமா விழுமா என்பதை அந்தத் தேதிகள்தான் தீர்மானிக்கும்.

நாள் கணக்கு

காலவரம்புச் சட்டம் 1963இன்படி, உரிமையியல் தீர்ப்பாணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 90 நாள், மற்ற நீதிமன்றத்துக்குப் போக 30 நாள். நகல் வாங்க ஆகும் காலத்தை இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம் என்று அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் நீங்கள் நகல் மனு போட்ட நாளிலிருந்துதான் கழிவு. அதற்கு முன் சும்மா இருந்த நாள் கழியாது. முத்திரைத்தாள் கேட்டும் கொடுக்காமல் நீங்கள் இழுத்தடித்த நாளும் கழியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜூன் 1 அன்று தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு 30 நாள். ஜூன் 5 அன்று நகல் மனு போட்டு, கேட்டவுடன் முத்திரைத்தாள் கொடுத்து, ஜூன் 25 அன்று நகல் தயாரானால், நீங்கள் செலவழித்தது 3 நாள்தான். இன்னும் 27 நாள் கையில் இருக்கிறது. அதே ஆள் ஜூன் 29 அன்று மனு போட்டால், 27 நாள் ஏற்கெனவே போய்விட்டது. நகல் தயாரான பின் அவருக்கு மிஞ்சுவது 3 நாள். ஜூலை 5 அன்று போட்டவருக்கு ஒன்றும் மிஞ்சாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி ஒரு தனி மனு போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே தீர்ப்பு சொன்ன அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, நகல் மனு போட்டுவிடுங்கள். மேல்முறையீடு செய்வதா வேண்டாமா என்று பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

சம்மன் வரும்போதும் இதே கவனம் வேண்டும். சொத்து வழக்கில் சம்மனோடு பிராதின் நகலும் வர வேண்டும். இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினால் வழக்கு நின்றுவிடாது. வாங்க மறுத்ததாகக் குறித்துக்கொள்வார்கள், அல்லது கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். வாங்கியதாகவே கணக்கு. பதில் போட 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. ஆள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான். சம்மன் முறையாகச் சார்பாகாமல் இருந்தால், தீர்ப்பு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாள் ஓடும். எப்போது தெரிந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அங்கேயும் உங்கள் நகல் மனுவின் தேதி பேசும்.

காசில்லாமல் கிடைக்கும் நகல்கள்

சில நகல்களைச் சட்டமே இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறது. இதைத் தாய்மார்கள் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜீவனாம்ச உத்தரவு யாருக்கு ஆதரவாக ஆனதோ அவருக்கு நகல் இலவசம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இன் கீழ் ஆகும் உத்தரவுகளின் நகலும் இரு தரப்புக்கும் இலவசம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் முதல் தகவல் அறிக்கை நகல் இலவசம். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்றப்பத்திரிகையும் சாட்சி வாக்குமூலங்களும், அவர் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் அது பொருந்தும். சிறைத் தண்டனை விதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசம்.

முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. குற்றப்பத்திரிகை அப்படியல்ல. அதை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட உத்தரவிட முடியாது என்று 2023 ஜனவரி 20 அன்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் பகுதியில் கன்டெய்னர் லாரி ஓடாத தெரு எது? விபத்தில் ஆளை இழந்த வீடுகள் நம் மஹல்லாக்களில் இருக்கின்றன. விபத்து இழப்பீட்டு வழக்குக்கு முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், வாகன ஆய்வு அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்றிதழ் வேண்டும். விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே கட்டணம் கட்டிப் பெற வழி இருக்கிறது. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. அந்த விதி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடியட்டும், வருஷ ஃபாத்திஹா முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். தீர்ப்பாயம் தீர்ப்பளித்த பின் 15 நாளுக்குள் அதன் நகலைத் தரப்பினருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். கேட்டு வாங்குங்கள்.

வக்கீலிடம் மாட்டிக்கொண்ட கட்டு

"பீஸ் பாக்கி இருக்கிறது, கட்டைத் தர மாட்டேன் என்கிறார்" என்று சிலர் சொல்வார்கள். பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை அவர் வேறு வழியில் கேட்கலாம். அதே சமயம், உழைத்தவருக்குக் கூலியைக் கொடுப்பதும் நம் மீது கடமை. முதலில் மரியாதையாக எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், நீதிமன்றத்தில் இருக்கும் காகிதங்களுக்கு நீங்களே நகல் மனு போட்டுப் புதுக் கட்டு சேர்க்கலாம்.

அடுத்தவர் வழக்கின் காகிதம்

சில சமயம் நாம் கட்சிக்காரராக இல்லாத வழக்கின் காகிதமும் தேவைப்படும். வாங்கப் போகும் வீட்டின் மேல் வழக்கு இருந்திருக்கும். நம் பிள்ளைகள் சட்டம் படிப்பார்கள், ஆய்வு செய்வார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். கிடைக்காது. நீதிமன்றக் காகிதங்களுக்கு அந்தந்த நீதிமன்ற விதிப்படிதான் மனு போட வேண்டும், மூன்றாம் நபர் எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லிப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 4 அன்று, குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். "ஆராய்ச்சிக்கு" என்று ஒரு சொல் போதாது. எந்தப் பல்கலைக்கழகம், என்ன தலைப்பு, இந்த வழக்கின் எந்தக் காகிதம் ஏன் வேண்டும் என்று எழுத வேண்டும்.

தீர்ப்புகளை மட்டும் படிக்க அந்தச் சிரமம் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு 2023 ஜனவரி 2 முதல் இ-எஸ்.சி.ஆர். என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் மொழிபெயர்த்த தீர்ப்புகளும் இருக்கின்றன. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேட ஈகோர்ட்ஸ் தீர்ப்புத் தளம் இருக்கிறது. சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் வாரம் ஒரு தீர்ப்பைப் படித்து வீட்டில் எளிய தமிழில் சொன்னால் அதுவே பெரிய கல்விச் சேவை.

எண்ணூர் வழக்குகள்

நம் எல்லோருக்கும் பொதுவான சில வழக்குகள் இருக்கின்றன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வழிந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். 2023இல் நடந்த இந்த இரண்டையும் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதன் தென்மண்டல அமர்வு சேப்பாக்கத்தில், ஆற்காட்டு நவாபின் அரண்மனையாக இருந்த கலச மஹாலில் இருக்கிறது.

அந்த வழக்குகளின் உத்தரவுகளைத் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். எந்தக் குழு ஆய்வு செய்தது, என்ன பரிந்துரை செய்தது, யாருக்கு என்ன உத்தரவு என்று அதில் இருக்கும். டீக்கடையில் கேட்டதை விட அதைப் படிப்பது மேல். ஏனென்றால், சுற்றுச்சூழல் பாதிப்புக்கு இழப்பீடு கேட்டு அந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டு கால வரம்பு. 2023 டிசம்பர் சம்பவங்களுக்கு அந்தக் கணக்கு 2028 டிசம்பரில் முடியும். வலை, படகு, உடல்நலம் என்று பாதிக்கப்பட்டும் பட்டியலில் பெயர் வராதவர்கள், மருத்துவச் சீட்டையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, உத்தரவின் நகலோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஒரு நகல் என்ன செய்யும் என்பதற்கும் எண்ணூரே சாட்சி. 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய பகுதியாக இருந்தது. பிற்பாடு அரசு அலுவலகத்தில் காட்டப்பட்ட இன்னொரு வரைபடத்தில் அதில் பெரும்பகுதியைக் காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் இது வெளியே தெரிந்தது. அரசு அலுவலகக் காகிதத்துக்கு அந்தச் சட்டம், நீதிமன்றக் காகிதத்துக்கு நகல் மனு. இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

பள்ளிவாசலும் குடும்பமும்

பள்ளிவாசல், தர்கா, மையவாடி நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. பல பழைய பள்ளிவாசல்கள் நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த நிர்வாகத் திட்டத்தின்படி நடக்கின்றன. ஸ்கீம் டிகிரி என்று சொல்வோம். அதன் சான்றிட்ட நகல் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா? 2025 ஜூனில் மத்திய அரசு உமீத் என்ற இணையதளத்தைத் தொடங்கி வக்ஃபு விவரங்களைப் பதிவேற்றச் சொன்னபோது பழைய காகிதத்தின் அருமை பலருக்கும் புரிந்தது. நீதிமன்றங்களில் பழைய கட்டுகளைக் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கச் சட்டமே இருக்கிறது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் அது. கிடைக்கும்போதே வாங்கி வைக்க வேண்டும்.

குடும்ப விஷயத்திலும் அப்படித்தான். தனியார் ஷரீஅத் கவுன்சில் தரும் குலா சான்றிதழ் சட்டப்படி செல்லாது, பெண் குடும்ப நல நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மார்க்க ரீதியான கேள்விகளை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் மறுமணம், பாஸ்போர்ட், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று வரும்போது அந்தப் பெண்ணின் கையில் நீதிமன்றத் தீர்ப்பாணையின் நகல் இருக்க வேண்டும். அவளுடைய அண்ணன் வீட்டிலோ வக்கீல் வீட்டிலோ இருந்தால் போதாது.

எச்சரிக்கை

மூன்று விஷயம். ஒன்று, கோர்ட் வளாகத்தில் "நான் எடுத்துத் தருகிறேன்" என்று ரசீது இல்லாமல் பணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். கட்டும் கட்டணம் முத்திரைத்தாளாகவோ ரசீதாகவோ தெரிய வேண்டும். இரண்டு, வாட்ஸ்அப்பில் "கோர்ட் ஆர்டர்" என்று வருவதை அப்படியே நம்பாதீர்கள். வழக்கு எண்ணைப் போட்டு இணையதளத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். மூன்று, காகிதம் கிடைத்துவிட்டது என்பதற்காக அடுத்த வீட்டுக் குடும்ப வழக்கைக் குழுவில் போடாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். அடுத்தவர் மானம் காப்பது நமக்குச் சட்டத்துக்கு முன்பே கடமை.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொழிலாளர்களுக்கும் உண்டு. நகல் வாங்கித் தருவதும் அந்த உதவியில் அடங்கும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பைல் வாங்குங்கள். முதல் தாளில் வழக்கு எண், சி.என்.ஆர். எண், நீதிமன்றத்தின் முழுப் பெயர், வக்கீல் பெயர், அடுத்த வாய்தா ஆகியவற்றை எழுதுங்கள். அதற்குக் கீழே சம்மன், பிராது, பதில், உத்தரவு, ரசீது என்று தேதி வரிசையில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து, செல்போனிலும் படம் பிடித்து வையுங்கள். சான்றிட்ட நகலை லேமினேஷன் செய்யாதீர்கள், முத்திரையும் பின்பக்கக் குறிப்பும் தெளிவாகத் தெரிய வேண்டும். பைல் எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வழக்கு இல்லாத வீட்டில் வீட்டுப் பத்திரத்தை அப்படி வையுங்கள்.

யாருக்கும் வழக்கு வரக்கூடாது என்பதுதான் நம் துஆ. வந்துவிட்டால், அதன் காகிதம் நம் கையில் இருக்கட்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் நீதியையும், நீதியைத் தேடும் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.